பரீட்சையில் ‘நாங்கள்’ என்று சொல்லக்கூடாது

வட்டம் போடும் வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மேலதிகாரி மார்ட்டின் ஒரு சிவப்புப் பேனையையும் ஒரு கட்டுக் காகிதத்தையும் என் மேசையில் வைத்தார். “இதில் ‘வீ’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள்” என்றார். வீ என்றால் ஆங்கிலத்தில் ‘நாங்கள்’. நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். லண்டனுக்கு வந்து சுப்பர்மார்க்கெட்டில் நின்று, பிறகு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கி, ஒருவழியாக மேசையும் கதிரையும் உள்ள வேலைக்கு வந்திருக்கிறேன். வந்த இடத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல வட்டம் போடச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் கடுகடுத்துக்கொண்டுதான் போட்டேன். பின்னேரம் பார்த்தால் காகிதம் முழுக்க அம்மை போட்டதுபோலச் சிவந்திருந்தது.

எங்கள் பிரிவைக் கல்லூரியில் ஆர்.பி.எல். என்பார்கள். தொழில் செய்து ஏற்கெனவே கற்றுக்கொண்ட விஷயத்தை ஒருவர் வகுப்பில் இருந்து மறுபடி படிக்கத் தேவையில்லை. அதற்கான பரீட்சையை நேரே எழுதலாம், அல்லது செய்து காட்டலாம். பாஸ் பண்ணினால் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்கும். போதிய கிரெடிட் சேர்ந்தால் முதலாம் வருடத்தைத் தாண்டி இரண்டாம் வருடத்துக்கே போய்விடலாம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். சும்மா கிரெடிட் கொடுக்கிற இடம் என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பரீட்சகர்கள் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த ஆளுக்குத் தனியாக என்ன தெரியும், தனியாக என்ன செய்வார்? நாலு பேர் சேர்ந்து செய்த வேலையைச் சொன்னால், அதில் உங்கள் பங்கு எது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வராவிட்டால் கிரெடிட் இல்லை. மாணவர்கள் முன்கூட்டி எழுதித் தரும் அனுபவக் குறிப்புகளில் ‘வீ’ வந்த இடத்தில் எல்லாம் வட்டம் போட்டு, அதை ‘நான்’ என்று பொருள்படும் ‘ஐ’ ஆக்கச் சொல்வதுதான் எங்கள் வேலையின் பாதி.

இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. ஆறு பேர் சேர்ந்து செய்ததையும் ‘நான்’ என்று சொல்ல அவர்களுக்கு நாக்கூசாது. எங்கள் ஆட்கள்தான் என் உயிரை எடுத்தார்கள். தனி ஆளாகக் கடை நடத்திய ஒருவர், “விடிய வெள்ளன நாங்கள் கடை திறப்பம்” என்றார்.

“நாங்கள் எண்டால் ஆர்?” என்று கேட்டேன்.

“நான்தான் அக்கா.”

“அப்ப ஏன் நாங்கள்?”

“நான், நான் எண்டு சொல்ல ஒரு மாதிரிக் கிடக்கு.”

எங்கள் பேச்சில் ‘செய்தனான்’, ‘செய்தனாங்கள்’ இரண்டுக்கும் வாலில்தான் வித்தியாசம். அந்த வாலை வெட்டுவதுதான் என் உத்தியோகம் என்று வீட்டில் பகிடி விடுவேன். சறோஜினி வரும்வரைக்கும் அது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

கால் செய்தவர்கள்

சறோஜினி என் அறைக்கு வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு. நாற்பதுகளின் நடுவில் வயது. ஹவுன்ஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஷிப்ட் முடிந்து யூனிபோமோடேயே வந்திருந்தாள். எங்கள் கல்லூரியின் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பட்டப்படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நோயாலோ விபத்தாலோ நடமாட்டம் போனவர்களை மீண்டும் நடக்கவைக்கப் படிப்பிக்கும் கோர்ஸ் அது.

“ஊரில என்ன வேலை செய்தனீர்?” என்று கேட்டேன்.

“செயற்கைக் கால் செய்தனாங்கள், அக்கா.”

பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். “நாங்கள் எண்டால் ஆர்?”

“நானும் இவரும்.”

இவர் என்பது அவளுடைய கணவர் தவராசா. வன்னியில் இருவரும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்திருக்கிறார்கள். மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள் அங்கே வருவார்கள். வெட்டிய காலின் முனையைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதற்கேற்ற கூட்டைச் செய்து, அடியில் பாதம் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவர்களை நடக்கப் பழக்க வேண்டும். அச்செடுப்பதும் பூட்டுவதும் தவராசா. நடக்கப் பழக்குவது சறோஜினி. அப்படித்தான் சொன்னாள். ஆனால் கொஞ்சம் தோண்டிக் கேட்டால் அச்செடுக்கும்போது காலைப் பிடிப்பது அவள், நடக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பூட்டுவது அவர். எது யாருடைய வேலை என்று ஒரு கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

அவளுக்கு ஏன் அவசரம் என்பதையும் அன்றைக்கே சொன்னாள். அந்த வருடம் ஓர் ஆஸ்பத்திரி எங்கள் கல்லூரி மூலம் பயிற்சி உதவியாளராக ஒருவரை எடுக்க இருந்தது. படித்துக்கொண்டே நோயாளிகளோடு வேலை செய்யலாம். ஆனால் இரண்டாம் வருடத்தில் சேருகிறவராக இருக்க வேண்டும். முதலாம் வருடத்துக்குப் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

“எங்கட ஹோமில ஒரு அம்மா இருக்கிறா. சீனி வருத்தத்தில ஒரு கால் எடுத்தது. செயற்கைக் காலும் இருக்கு, அலுமாரிக்குள்ள. கதிரையிலயே இருத்தி வச்சிருக்கினம். பழக்கினால் அவ நடப்பா, அக்கா. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நான் தொட ஏலாது. எனக்கு அந்தத் தகுதி இல்லை எண்டு சொல்லுவினம்.”

“அவை சொல்றது சரிதானே” என்றேன்.

“ஓம், சரிதான். அதுதான் வந்தனான்.”

சில பாடங்களுக்குப் பரீட்சை இல்லாமலே, உடன் வேலை செய்த ஒருவரின் அத்தாட்சியை வைத்துக் கிரெடிட் கொடுக்க மார்ட்டினுக்கு இடமிருந்தது. அவர் அதைத்தான் முதலில் கேட்டார். சறோஜினியோடு கூட வேலை செய்தவர் கணவர் ஒருவர்தான் என்றேன். “நல்லது, அவரிடம் வாங்குங்கள்” என்றார். யுத்தம் முடிந்த நாளில் விசாரணை என்று சொல்லி இராணுவத்தினர் அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு தகவல் இல்லை என்று விளக்கினேன்.

“இறந்துவிட்டாரா?”

“தெரியாது.”

மார்ட்டின் நல்ல மனிதர். அதற்கு மேல் துருவாமல், “அப்படியானால் பரீட்சைதான் வழி” என்றார். ஒரு பாடத்துக்கு ஒரு தரம்தான் பரீட்சை. தவறினால் வகுப்பில் இருந்துதான் படிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சைகளில் சறோஜினி தடுமாறித் தடுமாறி என்றாலும் பாஸ் பண்ணிவிட்டாள். மிஞ்சியது செய்முறை. மனிதரின் நடையைப் பார்த்து எங்கே பிழை என்று சொல்லும் பரீட்சை. அவளுக்கு அதுதான் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

டென்னிஸின் சப்பாத்து

செய்முறைக்கு முன்பு ஒரு ஒத்திகை வைப்போம். பாடத்துக்குப் பொறுப்பான ஹெலன்தான் பரீட்சகர். நடந்து காட்ட டென்னிஸ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் வருவார். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மாணவர்களுக்காக எத்தனையோ தரம் நடந்து பழகியவர். அன்றைக்கு ஹெலன் அவருக்கு வழமையான சப்பாத்துக்குப் பதிலாகக் குதி தட்டையான ஒன்றைப் போடக் கொடுத்திருந்தார். அப்படிப் போட்டால் நடை மாறும். எப்படி மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று சொல்ல வேண்டும்.

நான் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தேன். டென்னிஸ் கம்பிகளுக்கு நடுவே நடக்க, சறோஜினி போய் அவருக்கு நேரே முன்னால் நின்றுகொண்டாள். அவளுடைய முகமே மாறிவிட்டது. யூனிபோமோடு என் அறைக்கு வந்த களைத்த மனுஷி இல்லை அது. தோள் ஒரு பக்கம் சாய்கிறது என்றாள். இடுப்பை எப்படித் தூக்குகிறார் என்று காட்டினாள். எல்லாம் சரி. ஹெலன் தலையாட்டிக்கொண்டு எழுதினார்.

“வேறு ஏதாவது?” என்று கேட்டார்.

சறோஜினி மறுபடி பார்த்தாள். டென்னிஸ் போனார், வந்தார், போனார். அவள் முன்னாலேயே நின்றாள். ஓர் அடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எடுத்து வைக்கவில்லை. எனக்கே பொறுமை போய்விட்டது.

“இல்லை” என்றாள் கடைசியில்.

ஹெலன் எழுந்து வந்து அவளைக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் கூட்டிப்போய் நிறுத்தினார். அங்கே நின்று பார்த்தால் பிழை பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் டென்னிஸின் முழங்கால் பின்பக்கமாகத் தள்ளுப்பட்டது. அப்படியே நடந்தால் முழங்கால் பழுதாகிவிடும். முக்கியமான பிழையே அதுதான். முன்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது தெரியாது.

“பக்கத்தில் இருந்து பார்ப்பது முதலாம் வருடத்தின் முதல் பாடம்” என்றார் ஹெலன், கடுமை இல்லாமல். “இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் நகரவில்லை?”

சறோஜினி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். “முன்னுக்கு நிண்டு நான் பாப்பன். பக்கத்தில நிண்டு இவர் பாப்பார். அந்தப் பக்கம் இவரின்ர, அக்கா.”

என்ன சொல்கிறாள் என்று ஹெலன் கேட்டார். பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று சொல்லிவைத்தேன். ஆனால் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவள் அடக்கத்துக்காக ‘நாங்கள்’ என்று சொல்கிறவள் இல்லை. அந்த வேலையில் பாதி உண்மையிலேயே தவராசாவிடம் இருந்தது. அவரை ஏற்றிய பஸ்ஸோடு அந்தப் பாதியும் போய்விட்டது.

யார் நாங்கள்?

ஹெலனிடம் கேட்டு, முதலாம் வருடப் பிள்ளைகளின் பயிற்சி வகுப்பில் சறோஜினியை இருக்க விட்டேன். தன் பிள்ளைகளின் வயதில் உள்ளவர்கள் அவளுக்கு முழங்காலை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும், கணுக்காலை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்குத் தெரியாத விஷயம் நிறைய இருந்தது. கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் முறை வந்ததும் கால்கள் தானாக முன்பக்கம் போய் நின்றுவிடும்.

மத்தியான இடைவேளையில் என் அறையில் கேள்வி பதில் பழகினோம். பரீட்சையில் ஊர் அனுபவத்தையும் கேட்பார்கள். நான் ஆங்கிலத்தில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். ‘வீ’ வந்தால் பேனையால் மேசையில் தட்டித் தமிழில் கேட்பேன்.

“யார் நாங்கள்?”

“இவரும் நானும், அக்கா. பிளாஸ்டர் கரைக்கிற தண்ணியை இவர் முதல்ல வெயிலில வச்சுச் சூடாக்குவார். குளிர் தண்ணி பட்டால் வெட்டின கால் துடிக்கும் எண்டு.”

“அது பரீட்சைக்குத் தேவையில்லை. திருப்பிச் சொல்லும், ஐ எண்டு.”

சொல்வாள். இரண்டு வசனம் தாண்டாது, மறுபடி ‘வீ’ வரும். மறுபடி தட்டுவேன். “யார் நாங்கள்?”

“பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்தால் இவர் அவையின்ர மற்றச் சப்பாத்தையும் துடைச்சுக் குடுப்பார். ஒண்டு புதுசு மாதிரியும் ஒண்டு அழுக்காயும் இருந்தால் பிள்ளை கீழ பாத்துக்கொண்டே நடக்கும் எண்டு சொல்லுவார்.”

இப்படியே போகும். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த மனிதரைப் பற்றி ஒரு துண்டு வரும். குறட்டை விடுவார், கோபம் வந்தால் பேசாமல் ஆணி பொறுக்குவார், புளித் தோசை பிடிக்காது. நான் கேட்டது சொல்லைத் திருத்த. அவள் பதில் சொன்னது அதற்காக இல்லை என்று எனக்கும் போகப் போக விளங்கியது. இருந்தாலும் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பயிற்சி அறை வெறுமையாக இருந்தபோது அவளைக் கூட்டிப்போய்க் கம்பிகளுக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன். மாட்டேன் என்று நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சறோ, இஞ்ச அந்தப் பக்கமும் நீர்தான், இந்தப் பக்கமும் நீர்தான். வேற ஆள் இல்லை.”

“வேற ஆள் இல்லை எண்டு சொல்லாதேங்கோ, அக்கா” என்றாள். சத்தம் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மார்ட்டினிடமும் சொல்லிவிட்டேன். அவரும் பெருமூச்சு விட்டு, அந்த ஆஸ்பத்திரி இடத்துக்கு அடுத்த பெயரைப் பார்க்கத் தொடங்கினார். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் கதவில் நிற்கிறாள்.

“அந்த அம்மா நேற்றுக் கதிரையால விழுந்திட்டா. எழும்பி நடக்கப் பாத்திருக்கிறா. அலுமாரிக்குள்ள இருக்கிற காலைத் தாங்கோ எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவ. எனக்குப் பழக்கிவிடுங்கோ, அக்கா. பக்கத்தில நிக்கிறன்.”

அதற்குப் பிறகு அவளுக்குப் பிழை வரவில்லை. ‘வீ’ குறைந்தது. நான் மேசையில் தட்ட வேண்டிய தேவையும் குறைந்தது. கடைசி வாரத்தில் ஒரு தரம்கூடத் தட்டவில்லை. தவராசாவைப் பற்றிய துண்டுகளும் அதோடு நின்றுபோயின. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை, மாணவி தயாராகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

செய்முறை

பரீட்சை அன்று ஆலோசகர் வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னை உள்ளே இருக்கவிட்டார்கள். டென்னிஸ் வந்திருந்தார். இந்த முறை குதி உயர்ந்த சப்பாத்து. அவர் எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்தது இல்லை.

சறோஜினி முதலில் முன்னால் நின்றாள். தோளைச் சொன்னாள், இடுப்பைச் சொன்னாள். பிறகு யாரும் சொல்லாமலே நடந்து பக்கவாட்டுக்குப் போனாள். டென்னிஸ் ஒரு தரம் போய் வந்தார். அவள் காலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு தலையை உயர்த்தி, கம்பிகளின் மறுமுனையை, தான் முதலில் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹெலன் காத்திருந்தார். டென்னிஸும் நடையை நிறுத்திவிட்டார். “உங்களுக்கு ஏதும் செய்கிறதா?” என்று ஹெலன் கேட்டார்.

“இல்லை” என்றாள். “முழங்கால் முன்னுக்கு மடிகிறது. குதி நிலத்தில் படும்போது நான் அதைப் பார்க்கிறேன். நான் முதலில் அவருடைய சப்பாத்தை மாற்றிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் நான் பாதத்தின் பூட்டைத் தொடுவேன்.”

சரியான பதில். அதற்குப் பிறகு ஊர் வேலையைப் பற்றி ஹெலன் கேட்டார். அச்செடுத்தது நான் என்றாள். பூட்டியதும் நான். நடக்கப் பழக்கியதும் நான். நான், நான் என்று ஒரு சொல்லும் பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். நான் பழக்கிய மாதிரியே சொன்னாள். ஹெலன் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் தெளிவாக இருந்ததே.

முடிவு தபாலில் வரும் என்பதுதான் முறை. ஆனால் ஹெலன் எழுந்து கை கொடுத்தபோதே தெரிந்துவிட்டது. டென்னிஸ் கை தட்டினார். சறோஜினி அவருடைய சப்பாத்து நாடாவைக் குனிந்து சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

பிக்கடில்லி லைன்

அன்றைக்கு நான் வழமைபோல டூட்டிங்கில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. “நானும் உம்மோட ஹவுன்ஸ்லோவுக்கு வாறன், சாமான் வாங்கக் கிடக்கு” என்று ஒரு பொய் சொல்லிப் பிக்கடில்லி லைன் ரயிலில் அவளோடு ஏறினேன். அவள் மறுக்கவில்லை. இருக்க இடம் கிடைத்தது.

“அந்தப் பக்கம் நிண்டு ஏன் அப்பிடிப் பாத்தனீர்?” என்று கேட்டேன்.

“இவர் நிக்கிற இடத்தில நான் நிண்டன். அங்க நிண்டு பாத்தால் நான் நிக்கிற இடம் தெரியும் அக்கா. நோயாளி நடந்து வரேக்க, அவருக்கு அங்கால நான் நிப்பன். அப்ப அவ்வளவு நாளும் இவர் காலைப் பாக்கேக்க என்னையும்தான் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. இண்டைக்குப் பாத்தன், அங்க ஒருத்தரும் இல்லை.”

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்த பெண் மரியாதைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“அவர் உயிரோட இருந்தால் இவ்வளவு வருசத்துக்கு வந்து அந்த இடத்தில நிண்டிருப்பார்” என்றாள்.

அவர் என்று சொன்னாள். பக்கத்து அறையில் இருக்கிறவரைச் சொல்வதுபோல இவர், இவர் என்றுதான் அதுவரை அவளுடைய வாயில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“பாஸ் பண்ணியிருப்பன் என்ன?”

“ஓம். பாஸ்தான்.”

“நல்லாச் சொன்னனான் என்ன, நான் நான் எண்டு?”

“வடிவாச் சொன்னனீர்.”

“முந்தி நீங்கள் மேசையில தட்டித் தட்டிக் கேப்பீங்கள், யார் நாங்கள் எண்டு. எனக்குக் கோவமும் வரும். ஆனா அதுக்காகத்தான் அக்கா உங்களிட்ட வந்தனான், பாதி நாள். ஹோமில ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. பிள்ளையள் கேக்கிறேல்லை, நான் அழுவன் எண்டு பயம். இண்டைக்கு எவ்வளவு நேரம் கதைச்சனான். ஹெலன் ஒருக்காலும் கேக்கேல்லை, யார் மற்ற ஆள் எண்டு. நான் சரியாச் சொல்லிப்போட்டன். இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

ஹவுன்ஸ்லோ வந்தது. இறங்கினோம். அவளுடைய வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். குடித்தேன். அன்று இருட்டும்வரை தவராசாவைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு இருந்தேன். கொஞ்சம்தான் சொன்னாள். முந்தி ஒவ்வொரு தட்டுக்கும் தானாக வந்ததுபோல வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சறோஜினிக்குக் கிரெடிட் கிடைத்தது. ஆஸ்பத்திரி இடமும் கிடைத்தது. இப்போது அங்கே ஆட்களை நடக்கப் பழக்குகிறாள். நல்ல பெயர் என்று ஹெலன் சொன்னார். முதியோர் இல்லத்து அம்மாவுக்கும் ஆஸ்பத்திரி மூலம் ஆள் அனுப்ப ஏற்பாடு செய்தாள். ஆனால் அவர் அதற்குள் காலமாகிவிட்டார், கால் அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

நான் இதை எழுதுவது இந்த முறை பிழை என்று சொல்ல இல்லை. சறோஜினிக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பக்கவாட்டில் நின்று பார்க்கத் தெரியாதவரிடம் ஒரு நோயாளியை ஒப்படைக்க ஏலாது, ஹெலன் கேட்டது முழுக்க நியாயம். நீங்களும் வட்டம் போடுங்கள். ‘நான்’ என்று சொல்லப் பழக்குங்கள். தயவு தாட்சண்யம் பார்த்து விட்டுவிட்டால் நட்டம் அவர்களுக்குத்தான்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் யாராவது வந்து ‘செய்தனாங்கள்’ என்று சொன்னால், பேனையை எடுக்க முதல் “நாங்கள் எண்டால் ஆர்?” என்று கேளுங்கள். திருத்துவதற்காகக் கேட்க வேண்டாம். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, அடுத்த ஆளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள். அவர்கள் பாஸ் பண்ணிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஆள் இருக்காது.